பிரதிபேதம் இல்லாத நோட்டு

ஜுப்பிட்டர் நோட்டு ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு செல்லுக்கும் இடப்பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் தெரியும். மேலிருந்து கீழாக அந்த எண்களை மட்டும் படித்துக்கொண்டு போங்கள். 1, 2, 3, 41, 17, 42, 9 என்று வரும். அடுத்த செல்லில் எண்ணே இருக்காது, வெறும் அடைப்பு மட்டும். இவை பக்க எண்கள் இல்லை. எந்த செல் எத்தனையாவதாக ஓடியது என்கிற கணக்கு. நீங்கள் நான்காவதாகப் படிக்கிற செல் உண்மையில் நாற்பத்தோராவதாக நடந்தது. அப்படியென்றால் 4 முதல் 8 வரை, 10 முதல் 16 வரை, 18 முதல் 40 வரை நடந்தவை எங்கே? யாரோ அழித்திருக்கலாம். அல்லது அதே செல்கள் திரும்பத் திரும்ப ஓடிப் பழைய எண்களை விழுங்கியிருக்கலாம். எது நடந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மன்னார்புரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலை தரவுப் பகுப்பாய்வு. அந்த வேலையின் தாள் இந்த நோட்டுதான். ஒரு செல்லில் நாலு வரி பைத்தான் எழுதுவோம், ஓட்டுவோம், விடை உடனே கீழேயே அட்டவணையாகவோ வரைபடமாகவோ வந்து நிற்கும். நடுநடுவே உரைநடையும் எழுதலாம். நிரல், விடை, விளக்கம் மூன்றும் ஒரே தாளில். வேலை முடிந்ததும் அதையே மேலாளருக்கு அனுப்புவோம். அவர் அதை ஒரு கட்டுரை போலப் படிப்பார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பார்க்கக் கட்டுரை போல இருக்கிற ஒன்றை யாரும் கட்டுரையாகத்தான் படிப்பார்கள். முன்னுரை, தரவு, ஆய்வு, முடிவு என்று ஒரு கதைசொல்லி நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதாக நம்புவார்கள். அந்தக் கதைசொல்லி எங்கெங்கே போய்த் திரும்பினார், எதைத் தூக்கிப்போட்டார் என்பது இடப்பக்கத்து எண்களில் மட்டும் லேசாகக் கசிகிறது.

அழித்த செல்லாவது அழிந்து தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. செல்லை அழித்தாலும் அது செய்துவைத்த மாற்றம் கணினியின் நினைவில் அப்படியே இருக்கும். ரசத்தில் உப்பைப் போட்டுவிட்டுப் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்த மாதிரி. செய்முறையில் உப்பு என்ற வார்த்தையே இல்லை, ருசியில் இருக்கிறது. அடுத்தவர் அதே செய்முறையைப் பார்த்து வைத்தால் வேறு ரசம் வரும். இது எங்கோ எப்போதோ நடக்கிற விபத்தும் இல்லை. பிமென்டெலும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு கிட்ஹப்பில் கிடைத்த சுமார் 14 லட்சம் ஜுப்பிட்டர் நோட்டுகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஓட்டிப் பார்க்க முடிந்தவற்றை ஓட்டியபோது, பிழையில்லாமல் முடிவுவரை ஓடியவை சுமார் 24 சதவீதம். முன்பு காட்டிய அதே விடையைத் திரும்பக் காட்டியவை சுமார் 4 சதவீதம். நூறு கட்டுரையாளர்களில் நாலு பேர்தான் தான் எழுதியதைத் திரும்பச் சொல்கிறார்கள் என்றால் அந்த இலக்கிய வகைமையைப் பற்றி விமர்சகன் பேசித்தானே ஆகணும்?

இந்த வடிவத்தின் வம்சாவளி கௌரவமானது. டொனால்ட் கனூத் 1984-ல், நிரலைக் கணினிக்குக் கட்டளையாக எழுதாமல் மனிதர் படிக்கிற இலக்கியமாக எழுத வேண்டும் என்று வாதிட்டார். 1988-ல் வந்த மேத்தமேட்டிகா நோட்டு வடிவத்தைப் பிரபலமாக்கியது. பெர்னாண்டோ பெரெஸ் என்ற இயற்பியலாளர் 2001-ல் ஐபைத்தானைத் தொடங்கினார். 2011-ல் அதில் நோட்டு வந்தது, 2014-ல் ஜுப்பிட்டர் என்று பெயர் மாறியது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயர்களிலிருந்து கோத்த பெயர். கூடவே கலிலியோவுக்கும் ஒரு வணக்கம்.

அந்த வணக்கம்தான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழன் கிரகத்தின் பக்கத்தில் மூன்று ஒளிப்புள்ளிகளைப் பார்த்துக் குறித்தார். மறுநாள் மூன்றும் ஒரே பக்கம் வந்திருந்தன. 9ஆம் தேதி மேகம். 10ஆம் தேதி இரண்டுதான் தெரிந்தன. 13ஆம் தேதி நான்கு. அந்த ஆண்டு மார்ச்சில் புத்தகம் போட்டபோது, வியாழனைச் சுற்றி நான்கு நிலாக்கள் உண்டு என்று முடிவை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு இரவின் படத்தையும் வரிசையாக அச்சிட்டார், மேகம் மூடிய இரவையும் சொன்னார். அந்த வரிசைதான் அவருடைய நிரூபணமே. அந்த நோட்டுக்கு வணக்கம் வைத்த மென்பொருள் நமக்குக் காட்டுவது கடைசி இரவை மட்டும்.

*

ஜோயல் க்ரஸ் 2018-ல் ஜுப்பிட்டர்காரர்களின் மாநாட்டு மேடையிலேயே ஏறி எனக்கு நோட்டுகள் பிடிக்கவில்லை என்ற தலைப்பில் பேசினார். செல்களை வரிசை மாற்றி ஓட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத நினைவும் புதிதாகக் கற்பவர்களைக் குழப்புகின்றன, நல்ல நிரல் பழக்கத்தைக் கெடுக்கின்றன என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் அது பொறியாளரின் கோபம். அவருக்கு வேண்டியது ஒழுங்கு. நான் ஒழுங்கைக் கேட்கவில்லை. பகுப்பாய்வு என்பதே ஒழுங்கில்லாத வேலை. இதைப் போட்டுப் பார், அதை எடுத்துப் பார், ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துப் பார் என்று தடவித் தடவித்தான் போக முடியும். தடவியதை ஒளித்துவைத்துவிட்டு நேராக நடந்து வந்தது போல நிற்பதைத்தான் குறை சொல்கிறேன்.

மாற்றங்களைத் தடம் பிடிக்கக் கருவிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. நிரலாளர்கள் எல்லாரும் பயன்படுத்துகிற கிட் முதலில். அது இரண்டு பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, போனதைச் சிவப்பிலும் வந்ததைப் பச்சையிலும் காட்டும். ஆனால் நோட்டின் கோப்பு உள்ளே ஜேசன் என்ற வடிவத்தில் இருக்கிறது, வரைபடங்கள்கூட அதில் ஆயிரக்கணக்கான எழுத்துகளாகக் கிடக்கும். ஒரு கோட்டின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினால் கிட் உங்கள் முகத்தில் ஒரு மூட்டை எழுத்தைக் கொட்டும். இதைச் சரிசெய்ய ஜுப்பிட்டர்காரர்களே என்பிடைம் என்ற கருவி செய்தார்கள். செல்லுக்கு செல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தைப் படமாகவே காட்டும். நல்ல கருவி, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குத் தெரிந்தது நீங்கள் சேமித்துக் கொடுத்த இரண்டு புள்ளிகள் மட்டும். காலை பத்து மணிக்கு ஒரு கமிட், மாலை ஆறு மணிக்கு ஒரு கமிட். நடுவில் எட்டு மணிநேரம் நீங்கள் பட்ட பாடு எதற்கும் அங்கே சாட்சி இல்லை.

அந்த எட்டு மணிநேரத்தைப் பிடிக்க முயன்றவர் மேரி பெத் கெரி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தரவுப் பகுப்பாய்வாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்து எழுதியவர். பழைய நிரலை அழிக்க மனசில்லாமல் குறிப்பாக மாற்றி அங்கேயே விட்டுவைப்பது, கோப்புப் பெயரில் புதுசு, கடைசி, கடைசி2 என்று ஒட்டிக்கொண்டே போவது என்று நம் எல்லாருடைய அசிங்கங்களும் அந்த ஆய்வுகளில் உண்டு. 2019-ல் அவரும் சகாக்களும் காட்டிய வெர்டன்ட் என்ற கருவி, செல் ஓடும்போதெல்லாம் அதன் நிலையை ஓசையில்லாமல் எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு செல்லைத் தொட்டால் அதன் முந்தைய வடிவங்கள் எல்லாம் வரிசையாக விரியும். அன்று நோட்டு முழுக்க எப்படி இருந்தது என்று ஒரு பழைய பிரதியையே எழுப்பியும் காட்டும். முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறவரிடம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? என் சித்தப்பா ஒருத்தர் இருக்கிறார். கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டால் அன்று காலை எந்த பஸ்ஸில் ஏறினார், கண்டக்டரிடம் சில்லறை இல்லாதது, எல்லாம் வரும். தேதி வராது. முழு வரலாற்றின் சிக்கல் அதுதான். நூறு ஓட்டங்களில் தொண்ணூறு எழுத்துப்பிழையைத் திருத்தி ஓட்டியது, கமா விட்டுப்போனது, வரைபடத்தின் தலைப்பை மாற்றியது. மீதிப் பத்தில்தான் ஏதோ ஒரு தீர்மானம் இருக்கிறது. இரண்டையும் கருவி ஒரே தடிமனில் காட்டுகிறது. கெரி குழுவும் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ஆய்வின் தலைப்பிலேயே விலங்குகள் இரை தேடி அலைவதைக் குறிக்கிற சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இதே ஆண்டில் ஆண்ட்ரூ ஹெட்டும் சகாக்களும் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். நீங்கள் ஒரு விடையைத் தொட்டால், அந்த விடைக்குக் காரணமான நிரல் வரிகளை மட்டும் பொறுக்கி, ஓடிய வரிசையில் அடுக்கிச் சுத்தமான நோட்டாகத் தரும் கருவி. வேலைக்கு ரொம்ப உதவும். ஆனால் அது ஜெயித்தவர்களின் வரலாறு. விடைக்கு வழிவிட்டுத் தோற்ற பாதைகள் எதுவும் அதில் வராது.

*

இதையெல்லாம் ஸ்ரீரங்கத்தில் இருக்கிற ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய நூல்களின் மறுபதிப்புகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, உங்க நோட்டுல பாடம் இருக்கு, பேதம் எங்க?” என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து உ.வே.சா. பதிப்பு ஒன்றை எடுத்து வந்து பிரித்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். (பி-ம்) என்று இருந்தது. பிரதிபேதம்.

பல முறை பார்த்த பக்கம்தான். அன்றைக்குத்தான் அது ஒரு காட்சிப்படுத்தல் என்று உறைத்தது. நம்ம ஊர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கிடைத்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு. அவர் ஒன்றைத் தேர்ந்து மேலே பெரிய எழுத்தில் போட்டார். தேராததைத் தூக்கிப்போடவில்லை. அந்தச் சொல்லுக்கு நேரே ஓர் எண், அடியில் (பி-ம்), அதன்பின் மற்ற பாடம். அவ்வளவுதான். எல்லா ஏட்டின் எல்லா வரியையும் நம் தலையில் கொட்டவில்லை. ஏடெழுதினவர் கைதவறியதை எல்லாம் வாசகர் சுமக்க வேண்டியதில்லை. எங்கே பொருள் மாறுமோ, எங்கே இன்னொருவர் வேறு மாதிரி தேர்ந்திருக்கக்கூடுமோ, அங்கே மட்டும் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகப் போய், ஐயர் தேர்ந்தது தப்பு, அடியில் இருப்பதுதான் சரியான பாடம் என்று வாதிட யாருக்கும் உரிமை உண்டு.

கவனியுங்கள், அது இருக்கிற இடம் முக்கியம். நூலின் கடைசியில் தனி அட்டவணையாக இல்லை, வேறு தொகுதியில் இல்லை. எந்தச் சொல் ஐயத்துக்குரியதோ அதே பக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்த நோட்டு வரலாற்றுக் கருவிகள் எல்லாமே வரலாற்றைப் பக்கத்துப் பலகையில், தனிச் சாளரத்தில், இன்னொரு கட்டளையில் வைத்திருக்கின்றன. தேடிப் போகிறவருக்குத்தான் கிடைக்கும். மேலாளர் தேடிப் போக மாட்டார். அவர் பார்க்கிறது கடைசி வரைபடத்தை. பேதம் அந்த வரைபடத்தின் அடியில் இருந்தால்தான் அவர் கண்ணில் படும்.

எதிர் உதாரணமும் அதே ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. கோயிலொழுகு. ரங்கநாதர் கோயிலின் நிர்வாகம், திருப்பணி, யார் யாருக்கு என்ன கைங்கரியம் என்பதையெல்லாம் பல தலைமுறைக் கைகள் எழுதிச் சேர்த்த ஆவணம். மாற்றங்களைப் பதிவுசெய்வதே அதன் வேலை. ஆனால் தன்மேல் ஏறிய மாற்றங்களை அது சொல்வதில்லை. எந்தக் கை எதைச் சேர்த்தது, பின்னால் வந்தவர் முன்னால் இருந்ததை எங்கே திருத்தினார் என்று அடுக்குகள் தெரியாது. காலவரிசை சில இடங்களில் குழம்பிக் கிடக்கும், நம்முடைய 41, 17, 42 மாதிரியே. ஹரிராவ் 1961-ல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் பல இடங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நல்ல காலம், ஸ்ரீரங்கத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதி முழுக்க அந்தக் கோயில்தான். என் வாடிக்கையாளர்களின் விற்பனைக் கணக்குக்கு யார் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள்?

*

தமிழ்நாட்டில் கணக்கு நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறவர் ராமானுஜன். உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பித்த அதே 1887-ல் பிறந்தவர். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903-ல் சென்னைக்கு மாறுகிறார், மறுவருஷம் ராமானுஜன் அந்தக் கல்லூரியில் சேர்கிறார். ஒரு வருஷ இடைவெளியில் தவறிய சந்திப்பு. சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிப்பதில் பயனில்லை, இருந்தாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

காகிதம் வாங்கக் காசில்லாததால் ராமானுஜன் பலகையில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார் என்று அவரை அறிந்தவர்களின் நினைவுகளில் வருகிறது. பலகைதான் கெர்னல், முழங்கைதான் செல்லை அழிக்கிற பொத்தான். மூன்று நோட்டுகள் மிஞ்சின. முதல் நோட்டு பச்சை மையில் எழுதியது. இரண்டாவது நோட்டு முதலாவதைத் திருத்தி விரித்து எழுதியது. எனவே இரண்டுக்கும் நடுவே ஒப்பிட ஏதோ இருக்கிறது. ஆனால் ஒரு வாய்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார் என்பது பெரும்பாலும் முழங்கையோடு போய்விட்டது. 1957-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நோட்டுகளை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது, விளக்கமோ திருத்தமோ இல்லாமல். அதற்கு முன்பே வாட்சனும் வில்சனும் பதிப்பிக்க இறங்கினார்கள். வில்சன் 1935-ல் இறந்துபோனார், வாட்சன் முடிக்கவில்லை. புரூஸ் பெர்ண்ட்தான் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடித் தந்தார்.

நோட்டுக்காரர்களின் தரப்பில் நின்று பேசுகிறவர் இதையே திருப்பிக் கேட்கலாம். பாருங்கள், வரலாறே இல்லாத நோட்டுகூட உலகத்தை மாற்றியதே, முடிவு சரியாக இருந்தால் போதாதா? போதும், கணிதத்தில். ராமானுஜன் எந்த வழியில் வந்தார் என்று தெரியாவிட்டாலும் பெர்ண்ட் வேறு வழியில் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். வாய்பாடு அங்கேயே இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும். தரவில் அப்படி ஓர் இடம் கிடையாது. நாற்பது வரிசைகளை ஏன் நீக்கினீர்கள் என்ற கேள்விக்கு விடை தர்க்கத்தில் இல்லை. அன்று மதியம் உங்களுக்கு வந்த ஒரு போனில் இருக்கிறது. அந்தக் கிடங்கில் மீட்டர் கெட்டுப்போயிருந்தது என்று யாரோ சொன்னார்கள், நீக்கினீர்கள். எவ்வளவு பெரிய மேதையும் அந்தப் போனை மீட்டுத் தர முடியாது. மென்பொருள் உலகம் நோட்டைப் பற்றிப் பேசும்போது திரும்ப ஓடுமா என்பதிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், அது தன்னைக் கணிதத்தின் பிள்ளை என்று நினைத்துக்கொள்வதுதான். தரவுப் பகுப்பாய்வு பாதிக்கு மேல் வரலாற்றெழுத்து.

நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் விடை மாறுகிற நேரமும் உண்டு. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு கோவிட் இறப்புப் பட்டியலில் 444 பேரைச் சேர்த்தது. மார்ச் 1-க்கும் ஜூன் 10-க்கும் இடையே சென்னையில் இறந்து, கணக்கில் வராமல் போனவர்கள். அன்றைக்குப் புதிதாக அறிவித்தவை 74. கூட்டினால் 518. அந்த மாதங்களில் என்னைப் போல வீட்டில் அடைந்துகிடந்த எத்தனையோ பேர் தினசரி எண்களை நோட்டில் ஏற்றி வரைந்துகொண்டிருந்தோம். முந்தின நாள் ஓட்டிய அதே நோட்டை மறுநாள் ஓட்டினால் கோடு செங்குத்தாக எகிறி நிற்கிறது. கிட்டைக் கேட்டால் மாற்றம் ஏதுமில்லை என்கிறது. அது சொல்வதும் உண்மைதான், நிரல் மாறவில்லையே.

இதோடு முடியவில்லை. எல்லாரும் போல ஏழு நாள் சராசரி எடுத்திருந்தால் அந்த 444 ஏழாகப் பிரிந்து ஒரு நாளைக்கு 63 வீதம் கூட்டிக்காட்டும். ஒரு வாரம் மேடு. 29ஆம் தேதி அந்த நாள் சராசரியிலிருந்து வெளியேறியதும் திடீரென்று ஒரு சரிவு. அந்தச் சரிவை மட்டும் பார்க்கிறவர் இறப்பு குறையுது என்று மூச்சு விடுவார். அப்படியானால் என்ன செய்வது? 444 பேரையும் அவர்கள் இறந்த நாட்களில் கொண்டுபோய் வைக்கலாம், தேதிகள் கையில் இருந்தால். தேதி இல்லையென்றால் நூறு நாட்களுக்குச் சமமாகப் பரப்பலாம், அது பொய், ஆனால் ஜூலையில் ஒரே நாளில் நட்டுவைப்பதைவிடச் சின்னப் பொய். அல்லது கோட்டில் சேர்க்காமல் தனியாக ஓர் எண்ணாக எழுதலாம். அல்லது வந்தபடியே விட்டுவிடலாம். நான்குக்கும் நியாயம் உண்டு. ஆனால் நான்கில் எதைச் செய்தோம் என்பதை அந்தக் கோட்டின் அடியிலேயே சொல்லியாக வேண்டும். அங்கே இருப்பவர்கள் 444 மனிதர்கள், ஏற்கெனவே ஒருமுறை கணக்கிலிருந்து விடுபட்டவர்கள்.

என் வேலையில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெயர்கள் வேண்டாம். ஒரு சில்லறை வணிக நிறுவனம் தன் கிளைகளை லாபப்படி வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தது. செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து எங்கள் குழுவிடம் வந்த கேள்வி, இந்த வரிசையில் திரும்பி வந்த சரக்கைக் கழித்தார்களா இல்லையா என்பது. நோட்டு இருந்தது. 12க்கும் 31க்கும் நடுவில் எண்கள் இல்லை. கழித்தால் ஒரு வரிசை வருகிறது, கழிக்காவிட்டால் வேறு. கடைசி மூன்று இடங்களில் இருக்கிற கிளைகள் இரண்டிலும் ஒன்றல்ல. அவர் இரண்டையும் போட்டுப் பார்த்திருப்பார், ஏதோ காரணத்தோடுதான் ஒன்றை வைத்திருப்பார், எனக்கு அதில் சந்தேகமில்லை. அந்தக் காரணம் முழங்கையோடு போய்விட்டது. கடைசி மூன்று கிளைகளை அதற்குள் மூடியிருந்தார்கள்.

*

புதிதாக வந்திருக்கிற மரிமோ, கொஞ்சம் முன்னால் வந்த புளூட்டோ, அப்சர்வபிள் போன்றவை வரிசைக் குழப்பத்தை வேரோடு தீர்த்துவிட்டன. ஒரு செல்லை மாற்றினால் அதைச் சார்ந்தவை தானாக மாறும். மரிமோவில் செல்லை அழித்தால் அதன் உப்பும் ரசத்திலிருந்து போய்விடும். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இவை நோட்டை எப்போதும் துடைத்துவைத்த திண்ணையாகவே வைத்திருக்கின்றன. பழைய ஜுப்பிட்டரின் கோணல்மாணலான எண்களிலாவது இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று ஒரு துப்பு இருந்தது. இதில் அதுவும் இல்லை.

இப்போது செல்களில் பாதியை ஏஐ எழுதுகிறது. ஒரே மூச்சில் பன்னிரண்டு செல்களை மாற்றிவிட்டு முடிந்தது என்கிறது. ஏன் அப்படி மாற்றியது என்கிற உரையாடல் வேறொரு சாளரத்தில் இருக்கிறது, அந்தச் சாளரத்தை மூடினால் போச்சு. முன்பாவது முழங்கை நம்முடையதாக இருந்தது.

எனக்கு வேண்டிய கருவி இன்னும் யாரும் செய்யவில்லை. வெர்டன்ட் போல எல்லாவற்றையும் பின்னால் எழுதிவைத்துக்கொண்டு, நான் ஒரு வரைபடத்தை இதுதான் முடிவு என்று குறிக்கும்போது, இதை மாற்றக்கூடிய தேர்வுகள் நீ ஓட்டியவற்றில் இந்த மூன்று, அவற்றில் ஓட்டினால் கோடு இப்படி வரும் என்று அடியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைந்து தர வேண்டும். காரணத்தை எழுத ஒரு வரி இடம் விட வேண்டும். எழுதாமல் அனுப்பினால் அந்த இடம் காலியாகவே அச்சாக வேண்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பெரிய கஷ்டம் எதுவுமில்லை. எது பொருள் மாற்றுகிற தேர்வு, எது கமா என்று பிரிப்பதுதான் கஷ்டம். அதை உ.வே.சா.வும் ஏடு ஏடாக உட்கார்ந்துதான் செய்தார்.

அதுவரைக்கும் கையால் செய்கிறேன். முக்கியமான ஒவ்வொரு விடைக்கும் கீழே ஓர் உரைநடை செல், அதில் பி-ம் என்று தொடங்கி, வேறு எப்படிச் செய்து பார்த்தேன், என்ன வந்தது, ஏன் வைக்கவில்லை என்று இரண்டு மூன்று வரி. குழுவில் கொஞ்சம் கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் வாரம் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணா, எல்லா கிராஃபுக்கும் கீழ பிஎம்னு போட்டிருக்கீங்க, பிராஜெக்ட் மேனேஜர் பார்த்துட்டாங்கன்னு அர்த்தமா?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். போன வாரம் அவர் அனுப்பிய நோட்டில் மூன்றாவது வரைபடத்துக்கு அடியில் இருந்தது: பி-ம். ஏப்ரல் மாசத்தை விட்டுட்டுப் பார்த்தா கோடு தலைகீழா வருது. விடறதுக்குக் காரணம் கிடைக்கல, அதனால வச்சிருக்கேன்.